காத்திருக்கச் சொன்ன வகுப்பு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை வாலும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையாம், அவர் சொல்வதை நான் நம்புவதில்லை, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கிற பிடியிலேயே தெரிகிறதே. மாடி வீட்டுச் சிட்டுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருக்கிறாள். என்ன ஆச்சு என்று நீ போனில் கேட்டபோது அப்பா பக்கத்தில் இருந்தார், வயிற்றுவலி என்று சொல்லி முடித்துவிட்டேன். அது போனில் சொல்கிற விஷயமில்லை. சிட்டுவிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். நடுவில் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் கடைசிவரை படி.

வாலும் சிட்டும் படிக்கிற பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் நல்வாழ்வு வகுப்பு என்று ஒன்று ஆரம்பித்தார்கள். எனக்கு அது முதலில் தெரிந்தது நம் தையல் கடையில்தான். சீருடை நாம்தானே தைக்கிறோம், பெண் பிள்ளைகளின் ஸ்கர்ட்டை இன்னும் இறக்கித் தைக்க வேண்டும், சமையல் பாடத்துக்கு ஆளுக்கொரு ஏப்ரனும் வேண்டும் என்று பள்ளிக்கூட கிளார்க் வந்து சொன்னார். பையன்களுக்கு ஏப்ரன் வேண்டாமா என்று கேட்டேன். அவங்களுக்கு எதுக்கும்மா, அந்த நேரத்துல அவங்களுக்குத் தலைமைப் பயிற்சி என்றார். எனக்கு அப்போதே ஏதோ இடித்தது. வாலைத் துருவித் துருவிக் கேட்டதில், வெளியிலிருந்து ஒரு பேச்சாளர் அம்மா வருகிறார், தேன் ஒழுகுகிற மாதிரிக் குரல், கஞ்சி போட்டுத் தேய்த்த ஒரு கைக்குட்டையை வகுப்புப் பெண்கள் எல்லார் கையிலும் சுற்றவிட்டு, கடைசியில் கசங்கியதைத் தூக்கிக் காட்டி, இத இனிமே யாரு வாங்குவா சொல்லுங்க என்று கேட்டாராம். கல்யாணம்வரை காத்திருங்கள், அவ்வளவுதான் பாடம். எதற்குக் காத்திருப்பது, உடம்பில் என்ன நடக்கிறது, ஒன்றும் கிடையாது. காத்திருக்கச் சொல்வது தப்பென்று நான் சொல்லவில்லை, நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் பெண் பிள்ளையைக் கைக்குட்டை என்கிறவர்களை எனக்குப் பிடிக்கவில்லை, அப்படியே கைக்குட்டை என்றாலும் கசங்கினால் தேய்ப்பதற்குத்தானே இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. அந்த அம்மா பேசிய வீடியோவை நீயும் நம் குடும்பக் குழுவில் போட்டுக் கைகூப்பி வைத்திருந்தாய். முழுதும் பார்த்தாயா, இல்லை யாரோ தள்ளியதை அப்படியே இந்தப் பக்கம் தள்ளிவிட்டாயா, எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு இந்த இரண்டு பெண்களின் போக்கும் மாறியது. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும். வால் போனைக் கவிழ்த்து வைப்பாள். குளியலறைக்குள் போனால் தண்ணீர்ச் சத்தமே வராது. யாரோ ஒரு பையன் இருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன், அப்பாவிடம் சொன்னால் வீட்டை இரண்டாக்குவார் என்று வாயை மூடிக்கொண்டு அவள் பையைத் துழாவினேன், ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததால் சந்தேகம் இன்னும் பெரிதாகியதே ஒழியக் குறையவில்லை. அப்புறம் ஒருநாள் காலை பள்ளிக்கூடம் போகிற வழியில் சிட்டு புது ஸ்கர்ட்டுக்கு அளவு கொடுக்கக் கடைக்கு வந்தாள். கை கால் எல்லாம் குச்சி மாதிரி மெலிந்திருக்கிறது, ஆனால் இடுப்பில் டேப்பை வைத்தால் பழைய அளவைத் தாண்டிப் போகிறது. நான் டேப்பையும் அவள் முகத்தையும் பார்த்தேன்.  அத்தை, தளர்வா தச்சுடுங்க, அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க என்றாள்.  நானும் உலகத்தோடு சேர்ந்து ஒன்றைத்தான் நினைத்தேன் கண்ணா, வேறு எதுவும் தோன்றவில்லை. யாருடா அவன் என்றுதான் மனசு போயிற்றே தவிர, உனக்கு வலிக்குதா என்று கேட்கவில்லை. அன்று சாயங்காலமே அவள் அம்மாவிடம் பேசிவிடலாம் என்று இருந்தேன், அதற்குள் வால் பள்ளிக்கூடத்திலிருந்து போன் பண்ணி அலறினாள், சிட்டு வகுப்பிலேயே சுருண்டு விழுந்துட்டாம்மா, வாம்மா என்று.

சிட்டுவின் அம்மா, நம் மாடி வீட்டு அக்கா, வங்கியில் கவுன்ட்டரை விட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பையில் கட்டி, அது வளர்ந்து முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டமே நின்றுபோயிருந்தது. உடனே ஆபரேஷன் செய்தார்கள், ஒரு பக்கத்துச் சினைப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் மாதக்கணக்கில் வலித்திருக்குமே, ஏன் யாரும் கூட்டி வரவில்லை என்று டாக்டரம்மா கோபப்பட்டார். மயக்கம் தெளிந்ததும் சிட்டு கேட்ட முதல் கேள்வி, கொழந்த செத்துப்போச்சா டாக்டர் என்பது.  பள்ளிப் பேருந்தில் கூடப் படிக்கிற பையன் ஒருவன் அவள் கையைப் பிடித்தானாம், இவளும் விடவில்லையாம், அவ்வளவுதான் நடந்தது. ஒருதரம் தொடவிட்டால் வாழ்க்கையே போயிற்று என்று அந்தத் தேன்குரல் சொன்னதும், மாதவிலக்கு தள்ளிப்போனதும், வயிறு உப்பியதும் சேர்ந்து அவளாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். வாலுக்கு மட்டும் தெரியும். இரண்டும் போனில் தேடித் தேடி, கண்ட கண்ட குப்பையைப் படித்து இன்னும் பயந்து, கலைக்கிற மாத்திரை எங்கே கிடைக்கும் என்றுவரை விசாரித்திருக்கின்றன. 

வெளியே தெரிந்தால் பெண்ணின் பெயர் கெடும், பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காதே என்று மாடி வீட்டு அக்கா என்னிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள், நானும் சரி என்றேன். பெற்றோர் கூட்டத்தில் பொதுவாகத்தான் கேட்டேன், உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பயத்தை மட்டும் சொல்கிறீர்களே என்று. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் எழுந்து, எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தா பிள்ளைங்க செஞ்சு பாக்கத்தான் போகும் என்றார். உங்க பள்ளிக்கூடத்துல பிரேக் எங்க இருக்குன்னு காட்டாமலா வண்டியக் குடுக்கறீங்க என்றேன், பின்வரிசையில் சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரிக்கவில்லை. பெண்கள் அடக்கமாக இருந்தால் எந்தப் பிரச்சினையும் வராது, நம் பள்ளியில் இதுவரை வந்ததும் இல்லை என்றார். அப்போதுதான் மாடி வீட்டு அக்கா எழுந்து நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், உட்காரவில்லை. எம் பொண்ணுக்கு வலிச்சப்ப, என்கிட்ட சொல்றதவிட செத்துப்போறது மேல்னு நெனச்சிருக்கா, அந்த பயத்துல பாதிய நீங்க குடுத்தீங்க, மீதியக் குடுத்தது நான் என்றாள். குரல் உயரவே இல்லை. 

இப்போது டாக்டரம்மாவை வைத்து வகுப்பு எடுக்கிறோம் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. பெண்களுக்கு மட்டுமாம், அதுவும் பெற்றோர் கையெழுத்துப் போட்டால்தானாம். பையன்களும் உட்கார்ந்தால்தான் வருவேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாராம், அதைச் சாக்காக வைத்தே தள்ளிப்போடுகிறார்களோ என்று தோன்றுகிறது. பேச்சாளர் அம்மாவின் சிரித்த முகம் போட்ட போஸ்டர் இன்னும் நடைவழியில்தான் இருக்கிறது. அதனால் நான் காத்திருக்கவில்லை. வாலை உட்கார வைத்து, எனக்குத் தெரிந்ததை நானே சொன்னேன், தெரியாததை இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டு வந்தோம். எல்லாம் கேட்டு முடித்து அவள் ஒன்று கேட்டாள், இதெல்லாம் அண்ணனுக்கு யாரும்மா சொன்னா என்று.  அப்பாவிடம் போய், நீங்கள் அவனிடம் பேசினீர்களா என்று கேட்டேன். நீ பேசியிருப்பேன்னு நெனச்சேன் என்கிறார். அடுத்த வருஷம் நீ ஒரு பெண்ணைக் கைப்பிடிக்கப் போகிறாய், அவளிடம் கேட்டுப் பேச வேண்டியதும் காது கொடுக்க வேண்டியதும் எத்தனையோ இருக்கிறது, உனக்கு யார் என்ன சொன்னார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

குளிர் காலம், காதை மூடிக்கொண்டு போ. நீயும் உன்னை நம்பி வரப்போகிற பெண்ணும் மனசு ஒத்து நிறைவாக வாழ வேண்டும். ஒன்று மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னைக் கூப்பிடுவார். தனியாகப் பேச வேண்டுமாம், அந்த நேரத்தில் என்னைக் கடைக்குப் போகச் சொல்கிறார். ரொம்ப நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார், வானிலையைப் பற்றிக் கேட்பார். நீ போனை வைத்துவிடாதே.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா