அந்த மங்கலான கோடு

அன்புள்ள சிட்டுவுக்கு,

இந்த ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். நீ அம்மாவுக்கு அனுப்புகிற படங்களை நான் பார்த்துவிட்டேன். அவளைத் திட்டாதே. போன வாரம் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு, போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "இதுல ரெண்டாவது கோடு இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க, வேற ஒண்ணும் கேக்கக் கூடாது" என்றாள். கேட்காமல் இருப்பேனா? ஏழு மாதமாக நீ குழந்தைக்குத் தவிப்பதும், இந்த மாதத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று எழுதியிருப்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன் மாமனுக்கு மட்டும் முதல் மாதமே தெரியுமாம், பெட்டி நிறைய சோதனைப் பட்டைகளை வாங்கி அனுப்பியதே அவன்தானாம். இருபத்தாறு வருடமாகத் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பட்டையை நனைத்து நிறம் பார்க்கிறவன் வீட்டிலேயே இருக்கிறேன், நீ கேட்டது சோப்பு விற்கிற உன் மாமனை. சரி, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

நான் வேலை கற்றுக்கொடுத்தவனையே எனக்கு மேலே உட்கார வைத்த நாளிலிருந்து கூடத்தில் எனக்குப் பெரிய வேலை இல்லை, மாலையில் சீக்கிரமே வந்துவிடுகிறேன். நீ என்னிடம் கேட்காத கோபத்தைவிட, அந்தப் பட்டை எப்படி வேலை செய்கிறது என்ற ஆவல்தான் என்னை அதிகம் அரித்தது. நம்மை யாருக்கும் தெரியாத ஒரு மருந்துக்கடைக்குப் போய்க் கர்ப்பம் பார்க்கும் பட்டையில் மூன்று வகை, கருமுட்டை வெளியாகும் நாளைக் காட்டும் பட்டையில் மூன்று வகை கேட்டேன். கடைக்காரம்மா என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "யாருக்கு சார்?" என்றாள். பரிசோதனைக்கு என்றேன். "எல்லாரும் அதுக்குத்தான் சார் வாங்குறாங்க" என்று சொல்லி, சிரிப்பை அடக்கப் பக்கத்தில் இருந்தவளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். விலை கூடியதன் பிளாஸ்டிக் கூட்டை வீட்டில் உடைத்துப் பார்த்தேன், உள்ளே அதே மெல்லிய பட்டைதான். ஆகவே விலையைப் பார்க்காதே. உறை ஓட்டையில்லாமல் இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா, எத்தனை நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்று தாளில் தெளிவாக எழுதியிருக்கிறார்களா, இவற்றைப் பார். ஒரு மாதத்துக்கு ஒரே வகையை வைத்துக்கொள். குளியலறை ஈரத்தில் பெட்டியை வைக்காதே, உன் படத்தில் அது வாளிக்குப் பக்கத்தில் இருந்தது.

பிறகு எல்லாவற்றையும் என்னுடைய சிறுநீரிலேயே சோதித்தேன், சிரிக்காதே. கர்ப்பப் பட்டை ஐந்து நிமிடத்தில் இல்லை என்றது. மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் இன்னொரு கோடு. "எத்தனையாவது மாசங்க?" என்று கேட்டு அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். ஈரம் காய்ந்ததும் வருகிற வெறும் தடம் அது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து, உண்டாகிவிட்டது என்று நம்பி, பிறகு நீ அழுததாக அம்மா சொன்ன இரண்டு மாதமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால் என்னை நாற்காலியிலிருந்து எழ வைத்தது மற்றது, கருமுட்டைப் பட்டை. நேரத்துக்குள்ளேயே, நல்ல நிறத்தில், மெலிதாக ஒரு கோடு எனக்கும் வந்தது! புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பட்டை தேடுகிற ஹார்மோன் சுரப்பு ஆண்களுக்கும் எப்போதும் கொஞ்சம் உண்டாம், பெண்களுக்கு மாதம் முழுக்க உண்டாம். கர்ப்பப் பட்டையில் நேரத்துக்குள் நிறத்தோடு வந்தால் மங்கலான கோடும் ஆம் என்றுதான் அர்த்தம், இரண்டு நாள் விட்டு இன்னொன்றில் உறுதி செய்துகொள்ளலாம். கருமுட்டைப் பட்டையில் அப்படி இல்லை, சோதனைக் கோடு, பக்கத்தில் எப்போதும் வருகிற கோட்டின் அளவுக்காவது அடர்த்தியாக வர வேண்டும், வந்தால் அடுத்த ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளியாகலாம். நீ ஒவ்வொரு மாதமும் முதல் மங்கலைக் கண்டதுமே மாப்பிள்ளையை வெளியூர் வேலையிலிருந்து வரச்சொல்லியிருக்கிறாய், பட்டை மிச்சமாகட்டும் என்று சோதிப்பதையும் நிறுத்தியிருக்கிறாய். அவர் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப்போன பிறகுதான் உண்மையான நாள் வந்திருக்கும். இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. இன்னும் சில மாதம் மதியம் கடந்து ஒரே நேரத்தில், அதற்கு முன் இரண்டு மணி நேரம் அதிகம் தண்ணீர் குடிக்காமல், கோடு நன்றாக ஏறும்வரை பார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை என்றாலோ, கோடு ஏறவே இல்லை என்றாலோ டாக்டரிடம் போ, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. உன் கல்யாணத்திலிருந்தே அவரிடம் எனக்கு இருக்கிற மனத்தாங்கல் அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்காகச் சொல்லவில்லை, குறையெல்லாம் உன்னுடையது என்று யாரையும் சொல்லவிடாதே.

நல்லா இரு மகளே, நேரத்துக்குச் சாப்பிடு, இந்த மாதத்தோடு விட்டுவிடாதே. கீழே அப்பா என்று எழுதப் பேனாவை வைத்தேன். எழுதினால், இதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டதே என்று கூசிப்போவாய், பதில் போட வேண்டுமே என்று தவிப்பாய். அதனால் கையெழுத்துப் போடாமலே உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கப் போகிறேன். யார் எழுதியது என்று உனக்குத் தெரியும், தெரியாத மாதிரியே இருந்துகொள்.