மாத்திரையோடு வைத்த திருநீறு

செவ்வாய் இரவு, கிள்ளான்.

மகன் இன்னும் லாக்கப்பில்தான் இருக்கிறான். அவன் அப்பாவின் கருமாதிக்குக்கூட அவனை விடவில்லை. கருமாதியில் வைத்த திருநீற்றைக் காகிதத்தில் மடித்து, அவன் வலிப்பு மாத்திரைப் பைக்குள் போட்டு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“இது என்னா பவுடர், ஆன்டி?” என்றார் கவுண்டரில் இருந்த தமிழ்ப் போலீஸ்காரர்.

“துன்னூறு சார். நீங்க பூசாததா?”

“நான் பூசுவேன் லா. மேல உள்ளவங்க நம்புவாங்களா? பையோட எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு டாக்டர் லெட்டரோட வாங்க.”

“நாளைக்கு வரைக்கும் வலிப்பு காத்திருக்குமா சார்?”

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மாத்திரை இங்கே மேசைமேல் கிடக்கிறது. அவன் அங்கே சிமெண்டுத் தரையில் படுத்திருப்பான். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். அதையாவது அந்தப் போலீஸ்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேனா? சண்டை போடத்தான் வாய் இருந்தது.