அந்த ஊர்க் கட்டிலுக்கு இந்த ஊர் மெத்தை

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல எழுதப்படுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடும், வழக்கமான சண்டையோடும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அந்தக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும், மாடி வீட்டுத் தையல்காரம்மாதான் தைக்க வேண்டிய துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுதுகிறாள். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும் என்றேன், அதற்கு அவள், "அப்ப கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுங்க, ரயில் மாதிரி ஓடாதீங்க" என்கிறாள். போனில் சொன்னால் ஆகாதா என்று நீ கேட்பாய். போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், நான் வாயைத் திறப்பதற்குள் பிடுங்கி, "நல்லா இருக்கேன் கண்ணு, ஒண்ணுமில்ல" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். அந்த ஒண்ணுமில்லைக்குள்தான் எல்லாம் இருக்கிறது. இப்போதும் சட்டைக்குப் பொத்தான் வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மாடி ஏறி வந்திருக்கிறேன், ஒரு காது இங்கே, ஒரு காது கீழே.

நீ அனுப்பிய கட்டில் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனபிறகு தாழ்ந்த கட்டிலிலிருந்து எழ முடியவில்லை என்று சொன்னதும், வீடு மாற்றுகிற அவசரத்திலும் உங்களுடைய உயரமான கட்டிலைக் கழற்றிக் கப்பலில் ஏற்றினாயே, அந்த மனசுக்கு நீ நன்றாக இருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்ததும், பூட்டித்தர வந்த தச்சர் தலையைச் சொறிந்தார். பலகையே இல்லை, நாடாவில் கோத்த மரச்சட்டங்கள் பாய் மாதிரிச் சுருண்டு கிடந்தன. "இது என்ன ஐயா, கட்டிலா ஏணியா?" என்றார். கூட வந்த காகிதத்தில் எழுத்தே கிடையாது, படம் மட்டும்தான். என் ஆயுசில் முதல் தடவையாக எனக்கும் படித்தவர்களுக்கும் சமமாக ஒரு காகிதம் வந்தது, நான் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று தச்சர் சொல்லும்வரை சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு வழியாகப் பூட்டி முடித்தோம். நல்ல உறுதி. ஆனால் மெத்தை இல்லாத கட்டில் வீட்டில் நிற்பது வேலை நடக்காத ஆபீஸ் மாதிரி, பார்க்கப் பார்க்க எரிச்சல். உன் அம்மா பழைய ஒற்றைக் கட்டிலிலேயே, அதன் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து, அறையில் படுத்தாள். நான் கூடத்தில் பாயில்.

மெத்தைக்கு நானே அளவு எடுத்தேன். டேப்பில் இருக்கிற எண் எனக்கு எதற்கு, கயிறு போதும் என்று கட்டிலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பிடித்து, அகலத்துக்கு ஒரு முடிச்சு, நீளத்துக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டு மெத்தைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கயிற்றை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஒற்றை மெத்தை ரெண்டு போட்டா அகலம் கச்சிதம், நீளம் கொஞ்சம் குறைஞ்சா பரவால்ல, பெரியவரே" என்று அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார். நம் வீட்டில் இதுவரை இருந்த கட்டிலெல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய இரும்புக் கட்டிலிலிருந்து நீ குதித்துக் குதித்துக் கால் உடைத்த கட்டில் வரைக்கும், எல்லாவற்றிலும் மெத்தை பலகைக்கு மேலே உட்காரும், ஓரத்துக்கு ஓரம் அளந்தால் தப்பே வராது. இது அப்படி இல்லையே மகளே, நாலு பக்கமும் தடுப்பு வைத்துத் தொட்டி மாதிரி இருக்கிறது, மெத்தை உள்ளே இறங்க வேண்டும். இரண்டையும் போட்டு அமுக்கினால் நடுவில் கூரை மாதிரி எழும்பி நின்றது. அந்தப் பக்கம் அமுக்கினால் இந்தப் பக்கம் எழும்பும். கொண்டுவந்த ஆளும் நானும் ஆளுக்கொரு மெத்தைமேல் ஏறி உட்கார்ந்தோம், அப்படியும் அடங்கவில்லை. உன் அம்மா வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். "இதுல படுத்தா நான் ஒரு பக்கம் உருளுவேன், நீங்க ஒரு பக்கம் உருளுவீங்க, விடியறப்ப நடுவுல மலை மட்டும்தான் இருக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இரண்டையும் அந்த ஆளிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் தையல்காரம்மா தன் டேப்பைக் கொண்டுவந்து தடுப்புக்கு உள்ளே அளந்து துண்டுச்சீட்டில் எழுதித் தந்தாள். அந்த ஊர்க்காரர்கள் வைத்திருக்கிற அளவு எந்தக் கடையிலும் கிடையாது, அகலத்தில் இரண்டு விரற்கடை குறைகிறது, நீளத்தில் சாண் அளவு கூடுகிறது. கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "கட்டிலை அங்க பார்த்துட்டு மெத்தையை இங்க தேடறீங்க, சம்பந்தம் பேசற மாதிரில்ல இருக்கு" என்றார். அளவு சொல்லித்தான் செய்ய வேண்டும். எப்படியும் செய்யப் போவதால் ஒரே பெரிய மெத்தையாகச் செய்துவிடலாம், நல்ல கனத்தில் போட்டால் ராஜா மாதிரி இருக்கும் என்று அவர் சொன்னார். எனக்கும் அதுதான் பிடித்தது. வீட்டில் வந்து சொன்னால் உன் அம்மா ஒரேயடியாக மாட்டேன் என்றாள். "ஒரே மெத்தைன்னா இந்த மனுஷன் ஒரு தடவ புரண்டா நான் ரெண்டு தடவ குதிப்பேன், இடுப்புல மறுபடி ஆணி அடிக்கணுமா?" என்றாள். பொய் இல்லை. கிடங்குக் காவலில் இருந்த உடம்பு இது, மணிக்கொரு தரம் எழுந்து பூட்டை இழுத்துப் பார்த்தே பழகியது, வேலை விட்டும் ராத்திரியில் அடங்க மாட்டேன் என்கிறது. "நீங்க கூடத்துலயே படுங்க, நான் நிம்மதியா தூங்குறேன்" என்று முடித்துவிட்டாள்.

இனி சொல்லப்போவதைத்தான் அவள் உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன், வாயால் சொல்லவில்லை. போன வாரம் விடியற்காலையில் பால்காரர் மணி அடித்தபோது எழுந்து பார்த்தால் அறையில் ஆள் இல்லை. குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். வழுக்கவில்லையாம், கால் தள்ளாடியதும் சுவரைப் பிடித்து மெதுவாகச் சரிந்து உட்கார்ந்துவிட்டாளாம். எப்போதிலிருந்து உட்கார்ந்திருந்தாளோ, கை ரெண்டும் ஐஸ் மாதிரி. ஏன் கூப்பிடவில்லை என்று கத்தினேன். "இப்பத்தான் கண்ணசந்தீங்க, எழுப்ப மனசு வரல" என்கிறாள். டாக்டரிடம் போய்ப் படம் எடுத்துப் பார்த்தாயிற்று, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ பயப்படாதே. ஆனால் இன்னொரு தடவை விழுந்தால் பிறகு நடக்கிற பேச்சே இல்லை என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்து கூடத்தில் படுத்துக்கொண்டு எலி ஓடினாலும் எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன், அவள், "இன்னும் உசுரோடதான் இருக்கேன், போய்ப் படுங்க" என்கிறாள். பக்கத்தில் படுத்தால் அவளுக்கு வலி, தள்ளிப் படுத்தால் எனக்கு வலி.

இரு, கீழே ஏதோ சத்தம். போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். தட்டு விழுந்ததாம். பொத்தான் தைக்க இவ்வளவு நேரமா, சட்டையே தைக்கிறாளா என்று கேட்கிறாள்.

எங்கே விட்டேன், ஆம், கடை. முந்தாநாள் ஆட்டோ வைத்து அவளையே கடைக்கு அழைத்துப் போனேன். முதலில் அந்த ராஜா மெத்தையில் உட்கார வைத்தார்கள், முடிதிருத்தும் கடைப் பலகையில் ஏற்றிவிட்ட பிள்ளை மாதிரி கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. தரையில் பாதம் பதியாவிட்டால் எப்படி எழுந்திருப்பாள்? கனத்தைக் குறைத்துக் குறைத்து, நம் கட்டில் உயரத்துக்கே ஒரு மேடை போட்டுப் பார்த்து, பாதம் முழுசும் பதிகிற கனத்தில் நிறுத்தினோம். அழுத்தினால் உள்வாங்காத கெட்டி மெத்தை. பிறகு நான் கடைக்காரரிடம் அதேபோல் இன்னொன்றைப் பக்கத்தில் ஒட்டிப் போடச் சொன்னேன். உன் அம்மாவைப் படுக்க வைத்தேன், செருப்பைக் கழற்றிவிட்டு நானும் படுத்தேன். பட்டப்பகல், தலையணை வாங்க வந்தவர்களெல்லாம் நின்று பார்க்கிறார்கள். "ஐயோ மானம் போகுதே" என்று அவள் முகத்தை மூடிக்கொண்டாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பினேன், இந்தப்பக்கம் திரும்பினேன், குப்புறப் படுத்தேன். அவள் கையை எடுக்காமலே, "ம், புரளுங்க பாப்போம்" என்றாள். "மூணு தடவ புரண்டாச்சு" என்றேன். அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நெசமாவா?" என்றாள். கடைக்காரர், "நானே சாட்சிம்மா, கல்லு மாதிரி அசையாம இருந்தீங்க" என்றார். பிறகு எழுந்து, யார் கையும் பிடிக்காமல் தானாக நின்று, "ரெண்டாவே செஞ்சிடுங்க" என்று அவளே சொன்னாள்.

இன்று காலை மெத்தைகள் வந்தன. தடுப்புக்குள் சத்தமில்லாமல் இறங்கின, நடுவில் ஒரு கோடுதான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் படுத்தோம். நான் தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு குறட்டைகூட விட்டேன், எழுப்புகிறாளா பார்க்கலாம் என்று. கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து உட்கார்கிற அரவம் கேட்டது. பாதம் தரையில் பதிந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. போய்விடப் போகிறாள், என்னை விட்டுவிட்டுப் போய்விடப் போகிறாள் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். அப்போது தோளில் ஒரு அடி விழுந்தது. "நடிச்சது போதும், எழுந்திருங்க, பாத்ரூம் போகணும்" என்றாள். எழுந்தேன், மகளே, இருபது வயது ஆள் மாதிரி எழுந்தேன்.

பகலில் எழுப்பிவிட்டாள், இன்று ராத்திரி எழுப்புவாளா என்பதுதான் இப்போது என் கவலை. நீ போனில் பேசும்போது விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதே. மெத்தை எப்படி இருக்கிறது என்று கேட்பதுபோல் கேட்டு, அப்பாவை எழுப்பிக்கொள்கிறாயா என்று மட்டும் கேள், நீ கேட்டால் கேட்பாள். மாப்பிள்ளையையும் பேரனையும் விசாரித்ததாகச் சொல், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு நிறைவாக இருங்கள். கீழே கூப்பிடுகிறாள், வருகிறேன்.

இப்படிக்கு,
பொத்தான் தைக்காமலே கீழே இறங்கப் போகிற உன் அப்பா
(இடது கைப் பெருவிரல் ரேகை)