மேட்டு ரோட்டுக்கு மறு தார்

1934 பெப்ரவரி 19, திங்கள்

வெயில். எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. மேட்டு ரோட்டில் கூட்டும் வேலை ஆரம்பம். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கின்றன. நிழல் கிடையாது, சருகு மட்டும் உண்டு. ஆறு பெண்கள் கூட்டிக்கொண்டு போக, பின்னாலேயே மறுபடி விழுகிறது. தூசி இருக்கும் கல்லில் தார் பிடிக்காது. எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்.

பழைய தார். ஓரம் உதிர்ந்து, நடுவில் விரல் நுழையும் வெடிப்பு. வெடிப்பு விழுந்த வருஷமே மேலாக ஒரு பூச்சு பூசியிருந்தால் போதும். இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். கடுதாசி ஆபீசில் பெரிய கிளாக்கர் மேசையோடு நின்றது. இப்போது பள்ளம் வெட்டி, கல் நிரப்பி, அப்புறம் தார். மூன்று பங்கு வேலை.

தோட்டத்துத் துரை சொன்னது: மார்ச் 5 வி.ஏ. துரை, அவருக்கும் மேலான விசிட்டிங் ஏஜண்ட், கொழும்பிலிருந்து தோட்டம் பார்க்க வருகிறார். போன வருஷம் அவர் கார் இதே மேட்டில் சிக்கியது. இந்தத் தடவையும் அப்படியானால் ரோட்டு வேலை வெளிக் கம்பெனிக்குப் போகும். அப்புறம் தோட்டத்துக்கு ஓவசியர் எதற்கு, ஓவசியருக்கு வீடு எதற்கு? துரை இதைச் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது.

பெப்ரவரி 21, புதன்

தார்ப் பீப்பாய் வந்தது. ஒன்று ஒழுகல்.
சல்லிக் கல்: போதும்.
விறகு: ஈரம்.
மணல்: இல்லை.

பெரிய கிளாக்கரிடம் போனேன். யாழ்ப்பாணத்து மனிதர். இருவரும் ஒரே வருஷம் இங்கே வந்தோம். அந்த நாற்காலிக்கு என் பெயரும் பேசப்பட்டது.

"மணலோ? அது பங்களா டென்னிஸ் கோட்டுக்குப் போயிட்டுது. தார் போட்டாப் பிறகு பாப்பம்."

வெயிலில் தார் இளகி மேலே வரும், மணல் தூவி அமுக்காவிட்டால் சக்கரத்தோடு கிளம்பிவிடும் என்றேன்.

"உங்களுக்குத் தெரியாததோ, ஓவசியர்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பதினெட்டு வருஷமாக மாறவில்லை.

மணல் அள்ள வண்டியும் ஆளும் பெரிய கங்காணி வீராசாமி கையில்தான். அந்த ஆளோடு பேச்சு இல்லை. ஆறு வருஷம் முன் கோயிலில் எனக்கு வர வேண்டிய முதல் விபூதி அவர் கைக்குப் போனது. அன்றோடு கோயிலையும் விட்டேன்.

பெப்ரவரி 24, சனி

தார் ஊற்றத் தொடங்கினோம். காய்ச்சி, பூவாளியில் எடுத்து, ஊற்றி, விளக்குமாற்றால் இழுத்து, சல்லி போட்டு, ரோலர். இடது மணிக்கட்டில் தார் பட்டுத் தோல் போனது. பின்னேரம் இடி மட்டும். மழை இல்லை.

வண்டிக்கார அப்புஹாமி தடையைத் தூக்கி எறிந்துவிட்டு மாட்டை ஓட்டி வந்துவிட்டான். நடுவில் நின்று கூச்சல்: "மாத்தயா, மாட்டு கால் ஒட்டுறது! என்ன ரோட் இது?" தடை எதற்கு வைத்தோம் என்று கேட்டேன். மாட்டுக்கு வாசிக்கத் தெரியாதாம்.

பெப்ரவரி 27, செவ்வாய்

பாதிக்கு மேல் முடிந்தது. மத்தியானத்தில் தார் கறுப்பு எண்ணெய் மாதிரி மினுங்குகிறது. மணலுக்கு மறுபடி ஆள் அனுப்பினேன். "பாப்பம்" என்று பதில்.

மனைவி சோறு போடும்போது எப்போது முடியும் என்று கேட்டாள். நாளை சாயங்காலம் என்றேன். "நாளைக்கா?" என்றாள். குழம்பை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெப்ரவரி 28, புதன்

கடைசித் துண்டு நாலு மணிக்கு முடிந்தது. முதுகு நிமிரவில்லை. அப்போது தொழிலாளர் லயத்துப் பக்கம் தப்பு மேளச் சத்தம். யார் செத்தது என்று கேட்டேன். கூட்டுகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"நாளைக்கு மாசி மகமுங்க. அம்மனுக்குப் பால்குடம்."

தோட்டத்தில் நாயும் அறிந்த நாள். கோயில் கூட்டத்துக்குப் போகாதவன் நான் ஒருவன்தான்.

பால்குடம் ஆற்றிலிருந்து மேட்டு ரோடு வழியாகத்தான் வரும். முன்னால் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார்கள், வெறுங்கால் சுடாமலிருக்க. நேற்றும் இன்றும் போட்ட தாரில்! பெரிய கிளாக்கரிடம் ஓடினேன். "சாமி விசயத்தில நான் தலையிடேலாது." துரை இரத்தினபுரி போயிருக்கிறார்.

மார்ச் 1, வியாழன்

பத்து மணி. நல்ல வெயில். கீழ் வளைவில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். முன்னால் தப்பு, கங்காணி தலைப்பாகையோடு, பெண்கள் இடுப்பில் தண்ணீர்க் குடம்.

"ஊத்தாதீங்க! கல் இன்னும் பிடிக்கல. தண்ணி உள்ள போனா தோல் மாதிரி உரிஞ்சு வந்துரும்."

"அப்ப பால்குடம் எடுத்தவங்க கால் வேகட்டுமா, ஓவசியரய்யா?" கங்காணி. ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

பின்னாலிருந்து ஒருத்தி: "அவரு பூட்ஸு போட்டுருக்காரு, அவருக்கென்ன!" சிரிப்பு.

அப்போதுதான் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் மஞ்சள் சேலை, தலையில் குடம். என் மனைவி. இளகிய தாரில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"மணல் போடுங்க" என்றேன். "காலும் வேகாது, ரோடும் நிக்கும்."

"ஆத்துல கெடக்கு மணலு. இத பத்து நாளைக்கு முன்னுக்கே சொல்றதுக்கென்ன?" என்றார் கங்காணி.

"பெரிய கிளாக்கர்கிட்டச் சொன்னேன்."

"அவரா மண்ணு சொமக்கிறாரு?"

கங்காணி திரும்பி ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

பால்குடங்கள் பலாமர நிழலில் ஒதுங்கின. தப்பு நிற்கவில்லை. வண்டி, கூடை, சாக்கு, தண்ணீரைக் கொட்டிய குடத்தில்கூட மணல். நான் கூப்பிட்டால் காய்ச்சல் என்று படுக்கிறவர்கள். ஒரு மணி நேரத்தில் மேடு முழுவதும் மூடிவிட்டது. பிறகு தோட்டமே அதன் மேல் நடந்தது.

மார்ச் 2, வெள்ளி

விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். மேலே வந்த தாரையெல்லாம் மணல் குடித்துவிட்டது. சல்லி அசையவில்லை. அத்தனை கால்கள் மிதித்த இடம் ரோலர் போன இடத்தைவிட இறுக்கம்.

எல்லோரும் அம்மன் கிருபை என்கிறார்கள். தார் காய்ச்சியதும் அம்மனா?

மனைவியின் பாதத்தில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தேன். கொப்புளம் இரண்டு. என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"வேற என்ன? வீட்ட விட்டுப் போகச் சொல்லிடக் கூடாதுன்னுதான்."

"நாள் இன்னதுன்னு சொல்லியிருக்கலாமே."

"கோயில்னு வாயெடுத்தாலே எந்திரிச்சுப் போறீங்க. எப்படிச் சொல்ல?"

மார்ச் 5, திங்கள்

வி.ஏ. துரையின் கார் மேட்டில் ஒரே மூச்சாக ஏறியது. நிற்கவில்லை. ரோட்டைப் பார்த்த மாதிரியும் இல்லை. இரண்டு வாரம் தூக்கமில்லாமல் போட்டது அரை நிமிஷத்தில் முடிந்தது.

பின்னேரம் துரை கூப்பிட்டார். வெளிக் கம்பெனிப் பேச்சு இனி இல்லை. கீழ்ப் பிரிவு ரோட்டையும் மழைக்கு முன் நானே போட வேண்டும், இதே மாதிரி மணலோடு. பக்கத்தில் நின்ற பெரிய கிளாக்கர், மணலுக்குத் தாமே ஏற்பாடு செய்ததாகச் சொன்னார். துரை தலையாட்டினார். நான் கிளாக்கரின் டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6, செவ்வாய்

மேற்கே மேகம். நாள் அதிகமில்லை. பெரிய கிளாக்கரிடம் மணல் கேட்டேன். "டென்னிஸ் கோட்டுக்கே இன்னும் காணாது, ஓவசியர்."

பதினொரு மணிக்குக் கங்காணி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று நாற்பது வண்டி மணல் வேண்டும் என்றேன்.

"உக்காந்தே கேக்கலாமேங்க."

உட்கார்ந்தேன். தேத்தண்ணீர் வந்தது. சீனி அதிகம்.