பொலோனியாச் சாப்பாடு

2006 மே 14, ஞாயிறு

மொன்றியலுக்குப் பக்கத்தில், கர்க்லாண்டில் இவருடைய சிநேகிதர் வீட்டு விருந்துக்குப் போய் இப்போதுதான் வந்தோம். எல்லோரும் வாய் பார்த்துக்கொண்டிருக்க, இவர் எங்கள் இத்தாலிப் பயணத்தை அளந்தார்.

"பொலோனியாவில சாப்பாடு எண்டா சாப்பாடு! அந்தப் பாஸ்தாவை நீங்கள் கனவிலயும் கண்டிருக்க மாட்டியள்."

இவர் எங்கே கண்டார்? போய் இறங்கியதிலிருந்து அங்கேயிருக்கிற இவருடைய அக்கா வீட்டில் அடைந்து கிடந்தோம். "கடைச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துவராது" என்று மச்சாள் மூன்று நேரமும் புட்டும் இடியப்பமும் அவித்தா. நான் வேலையிடத்தில் கெஞ்சி எடுத்த லீவு அவவுக்கு வெங்காயம் உரித்தே முடிந்தது. "ஒருக்கா வெளியில போவமே" என்று கேட்டேன். "அக்கா என்ன நினைப்பா?" என்று இவர்தான் வாயை அடைத்தார். அந்த ஊரின் பழைய கோபுரங்களைத் திரும்பி வரும் நாளில் கார்க் கண்ணாடியால்தான் பார்த்தேன்.

இன்றைக்குச் சிநேகிதரின் மனைவி என்னிடம் கேட்டா: "நீங்கள் சொல்லுங்கோ, அங்க எது நல்ல ருசி?"

"மச்சாளின்ர கத்தரிக்காய்க் குழம்பு. வேற ஒண்டும் எங்கட கண்ணில காட்டேல்லை."

  திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது இவர் சொன்னார்: "ஆகஸ்டில அக்கா இஞ்ச வாறா. மொன்றியல் முழுக்கச் சுத்திப் பாக்க வேணுமாம். இஞ்சத்தைச் சாப்பாடெல்லாம் சாப்பிட வேணுமாம்."

வரட்டும். பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடையில் நாளைக்கே ஒரு மூட்டை புட்டுமா வாங்கி வைக்கிறேன். கடைச் சாப்பாடு மச்சாளுக்கு ஒத்துவராது.