எதிர்வீட்டுச் செம்பகம் தொடர்பான முறைப்பாடு

அனுப்புபவர்:
திருமதி சுலோஜனா உதயரூபன்,
வாவிக்கரை வீதி,
குருக்கள்மடம்.

பெறுபவர்:
பதிவாளர் அவர்கள்,
பரீட்சைக் கிளை,
வாவியொளி தொழினுட்பக் கல்லூரி,
மட்டக்களப்பு.

விடயம்: செய்யாத குற்றத்துக்காக எனக்கு வழங்கப்பட்ட மன்னிப்பை நீக்கக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் கல்லூரி இணையவழியாக நடத்தும் திரிகோண கணிதக் கற்கையின் இறுதிப் பரீட்சையில் நான் சித்தியடைந்துள்ளேன். சித்தி மட்டுமல்ல, எங்கள் பிரிவில் முதலாம் இடமும் எனக்கே. பெறுபேற்றை வெளியிட்டதே தங்கள் கிளை என்பதால் தாங்கள் இதை அறிவீர்கள். ஆனாலும் பள்ளிக்கூட நாளில் கணக்குப் பாடத்தைக் கண்டு காய்ச்சல் வந்து படுத்தவள் என்பதால், இதை என் கையால் ஒருமுறை எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறேன். அதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. நான் களுவாஞ்சிகுடியில் ஒரு கட்டட ஒப்பந்தகாரரின் அலுவலகத்தில், மற்றவர்கள் வரையும் வீட்டுப் படங்களைப் பிரதி எடுத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். இனி நானே வரைய வேண்டும் என்பது என் எண்ணம். அதற்குத் தங்கள் கல்லூரியின் படவரைஞர் டிப்ளோமாவில் சேர வேண்டும். டிப்ளோமாவில் சேரத் திரிகோண கணிதம் சித்தியடைய வேண்டும். இதனாலேயே இந்த வயதில் கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துப் படிக்கத் தொடங்கினேன்.

3. செங்கோண முக்கோணியின் பக்கங்களுக்கு எதிர்ப்பக்கம், அயற்பக்கம், அவை இரண்டையும் விட நீளமான செம்பக்கம் என்று பெயர். எதை எதனால் வகுத்தால் சைன், எதை எதனால் வகுத்தால் கோசைன், எதை எதனால் வகுத்தால் தான்சன் என்பது என் தலையில் நிற்கவேயில்லை. காலையில் ஏறினால் மாலையில் இறங்கிவிடும். ஆகவே செம்பக்கத்தைச் செம்பகம் என்ற பெண்ணாக்கி, மற்ற இரு பக்கங்களையும் எதிர்வீடு, அயல்வீடு ஆக்கி, கோழிக்குத் தீன் போடும்போது பின்வருமாறு ஒரு பாட்டுக் கட்டினேன்:

“சைனுக்கு எதிர்வீட்டுச் செம்பகம்,
கோசைனுக்கு அயல்வீட்டுச் செம்பகம்,
தான்சனால எதிர்வீட்டுக்கும் அயல்வீட்டுக்கும் சண்டைகா.”

அன்றிலிருந்து நான் ஒரு கணக்கிலும் பிழை விடவில்லை.

4. பரீட்சை நாளில் கமராவும் ஒலிவாங்கியும் திறந்தே இருக்க வேண்டும் என்பது தங்கள் கல்லூரியின் விதி. அதன்படியே அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு எழுதினேன். கண்காணிக்கும் மென்பொருளுக்கோ என் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். தாளைப் பார்க்கக் குனிந்தால் சிவப்பு விளக்கு, யோசிக்க நிமிர்ந்தால் சிவப்பு விளக்கு. அந்தப் பதற்றத்தில் பாட்டை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லியே எழுதினேன். முணுமுணுக்கக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை.

5. அடுத்த வாரம் என் பெறுபேறு நிறுத்தி வைக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. செம்பகம் எனப்படும் எதிர்வீட்டுப் பெண்ணிடமிருந்தும், அதே பெயருடைய அயல்வீட்டுப் பெண்ணிடமிருந்தும் நான் விடை பெற்றேனாம். தான்சன் என்ற இளைஞரும் இதில் சம்பந்தப்பட்டவராம். அவர் காரணமாக இரு வீட்டாருக்கும் தகராறு ஏற்பட்டதும் ஒலிப்பதிவில் தெளிவாகக் கேட்கிறதாம். மூவரினதும் அடையாள அட்டைப் பிரதிகளைச் சமர்ப்பிக்குமாறு பணிக்கப்பட்டிருந்தேன். அறிக்கையைத் தயாரித்தவர் கணிதப் பிரிவைச் சேர்ந்தவர் அல்லர் என்று பின்னர் அறிந்தேன். அறியும் முன்பே ஊகித்தும் இருந்தேன்.

6. இதற்கிடையில் தங்கள் கிளையிலிருந்து ஒருவர், நான் கொடுத்திருந்த இரண்டாவது இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்துள்ளார். அது என் கணவருடையது. அவர் வாவியில் மீன் பிடிப்பவர். அந்நேரம் துறையில் நாலு பேர் சூழ நின்று மீன் விற்றுக்கொண்டிருந்தார். செம்பகத்துக்கும் உங்கள் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டதற்கு அவர், “அப்பிடி ஒருத்தியையும் எனக்குத் தெரியா” என்று துறை முழுவதும் கேட்கச் சத்தமிட்டுள்ளார். மத்தியானத்துக்குள் அவருக்கு ஒரு செம்பகம் இருப்பதாக ஊர் முடிவு செய்துவிட்டது. அயல்வீட்டு இராசாத்தி அக்கா கறிச்சட்டியுடன் வந்து, “மனசத் தளர விடாதகா, ஆம்பிளையள் இப்பிடித்தான்” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். கறி நன்றாக இருந்தது. ஆனால் என் கணவர் அதைத் தொடவில்லை. அவருடைய மனக்குறையை அவரே தனியாக எழுதுவதாகச் சொல்லியிருப்பதால் இங்கு விரிக்கவில்லை.

7. செம்பகம் இல்லை என்பதை உறுதிப்படுத்த எங்கள் கிராம உத்தியோகத்தர் திரு. கதிர்காமத்தம்பி அவர்களை நாடினேன். “இஞ்ச செம்பகம் எண்டா பத்தைக்குள்ள திரியிற பறவதான் புள்ள, அதுக்கு அடையாள அட்டை இல்லையே” என்றார். எனினும் முறைப்படி பதிவேட்டைப் பார்த்து, அப்பெயரிலோ தான்சன் என்ற பெயரிலோ எவரும் இப்பிரிவில் வசிக்கவில்லை என்றும், மனுதாரரின் வீட்டுக்கு எதிரே வீடு எதுவும் இல்லை, வாவியே உள்ளது என்றும் எழுதி முத்திரையிட்டுத் தந்தார்.

8. பின்னர் இணையவழியாக விசாரணை நடைபெற்றது. மடியில் கனமில்லாததால் எனக்கு வழியில் பயமிருக்கவில்லை. செம்பகம் இப்போது அறையில் இருக்கிறாரா என்று விசாரணைக் குழுவின் தலைவர் கேட்டார். “ஓம் ஐயா, தாளில இருக்கிறா” என்று சொல்லி, ஒரு முக்கோணியை வரைந்து கமராவுக்கு முன்னால் பிடித்தேன். செம்பகம் எவர், எதிர்வீடு எது, அயல்வீடு எது என்று விரலால் தொட்டுக் காட்டினேன். எங்கள் விரிவுரையாளர் திருமதி றொஷெல் அவர்கள் அந்த இடத்திலேயே ஒரு கணக்குக் கொடுத்தார்: தோணியில் இருப்பவர் கரையில் நிற்கும் தென்னையின் உச்சியைப் பார்க்கும் ஏற்றக்கோணமும், தோணிக்கும் மரத்துக்கும் இடையிலான தூரமும் தரப்பட்டுள்ளன, மரத்தின் உயரம் காண்க. தான்சனையும் அவரால் வந்த சண்டையையும் உரத்துச் சொல்லியே செய்து முடித்தேன். விடை சரி. திருமதி றொஷெல் சிரிப்பை மறைக்கக் கமராவை நிறுத்தினார். ஒலிவாங்கியை நிறுத்த மறந்துவிட்டார். தலைவர் அவர்களும் பாட்டை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தது எனக்குக் கேட்டது. ஐயா, அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோசத்துக்கு எந்தப் பெறுபேறும் ஈடாகாது.

9. இவ்வளவுக்கும் பிறகு, விடுவிக்கப்பட்ட பெறுபேற்றோடு தங்கள் கையொப்பத்துடன் வந்த கடிதத்தில், “பரீட்சார்த்தியின் குடும்பச் சூழ்நிலையைக் கருத்திற் கொண்டு இம்முறை மன்னிக்கப்படுகிறார். செம்பகம் என்பவரின் உதவியை எதிர்காலத்தில் நாடக் கூடாது” என்று காணப்படுகிறது. அக்கடிதத்தின் பிரதி கல்லூரியில் உள்ள என் ஆவணக் கோவையில் சேர்க்கப்பட்டுள்ளது. டிப்ளோமா நேர்முகத் தேர்வில் அக்கோவையைத்தான் திறப்பார்கள். மன்னிக்கப்பட்டவள் என்றால் களவு செய்தவள் என்றுதானே வாசிப்பார்கள். முதலாம் இடமும் அந்தக் களவின் பலன் என்றே ஆகிவிடும். நான் அழுததெல்லாம் இந்த ஒரு சொல்லுக்காகத்தான், குற்றச்சாட்டுக்காக அல்ல.

10. ஆகவே நேர்முகத் தேர்வுக்கு முன்னதாக, “மன்னிக்கப்படுகிறார்” என்பதை நீக்கி, “குற்றச்சாட்டு ஆதாரமற்றது” எனத் திருத்திய கடிதம் ஒன்றை வழங்குமாறும், அதன் பிரதியைக் கோவையில் சேர்க்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். செம்பகம், தான்சன் ஆகியோரைச் சகல பதிவுகளிலிருந்தும் விடுவிக்குமாறும் கோருகிறேன்.

11. இன்னொன்றையும் அறியத் தருவது என் கடமை. அடுத்த பிரிவு மாணவர்களுக்கும் இப்பாட்டைச் சொல்லிக் கொடுக்கத் திருமதி றொஷெல் அவர்கள் அனுமதி கேட்டார். மனமுவந்து கொடுத்துள்ளேன். வரும் பரீட்சையில் எல்லோரும் முணுமுணுக்கப் போகிறார்கள். தங்கள் கண்காணிப்பாளர்களுக்கு இதை முற்கூட்டியே அறிவித்தால், வாகரை முதல் பெரியகல்லாறு வரை செம்பகங்களைத் தேடும் சிரமம் இராது.

12. நான் தங்களிடம் கேட்டது நீதி. மன்னிப்பை நான் கேட்கவில்லை. கேட்காத பொருள் தவறுதலாக வந்து சேர்ந்தால் உரியவரிடம் ஒப்படைப்பதுதான் முறை. எனவே தங்கள் மன்னிப்பின் மூலப்பிரதியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தேவைப்படும் எவருக்காவது அதை வழங்கியருளவும்.

இங்ஙனம்,
திரிகோண கணிதத்தில் முதலாம் இடம் பெற்ற,
(ஒப்பம்) சுலோஜனா உதயரூபன்

இடம்: குருக்கள்மடம்
திகதி: 14.07.2025