பிடித்து நிறுத்த ஆளில்லாத இடம்

இன்று கம்பெனியில் உன் கொட்டகைக் கதவைத் திறந்ததும் ஈயம் பற்றவைத்த வாசனை வந்தது, தம்பி. வடக்குப்பட்டுத் திருப்பத்தில் கண்டெய்னர் லாரி உன் பைக்கை அடித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாசனை மட்டும் போகவில்லை. எனக்கு எழுத்து வராது. சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

நீ எஞ்சினியர், நான் வாட்ச்மேன். சாப்பாட்டு நேரத்தில் மற்ற மெஷின்கள் நின்றால்தான் தரை அதிராது. அப்போதுதான் உன் சோதனை. நீ பசியோடு உள்ளே நிற்பாய். யாரும் கதவை அறைந்துவிடாமல் நான் பார்த்துக்கொள்வேன்.

கூரையிலிருந்து தொங்கிய அந்த நீளக் கையை முதலில் பார்த்தபோது, “இன்னா தம்பி, முருங்கைக் கொம்பாட்டம் தொங்கினு கீது?” என்றேன்.

திருநெல்வேலிப் பேச்சில் நீ சொன்னாய்: “சாட்டிலைட்டுக்குக் கை, பெரியவரே. கனம் இருக்கக் கூடாதுல்லா, அதான் மெலிசு. மேல போய் விரிஞ்சா ஆடும். அங்க காத்தும் இல்ல, பிடிச்சு நிறுத்த ஆளும் இல்ல. அதுவாத்தான் அடங்கணும்.”

அதற்காகத்தான் நகத்தளவு வில்லைகளை அடியில் ஒட்டியிருந்தாய். ஒன்று ஆட்டத்தை உணரும். மற்றது கரண்ட் வாங்கி எதிர்ப்பக்கம் தள்ளும். ஒருநாள் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டாய். அடங்க வேண்டிய கை துள்ளியது. “அடங்குன்னா கூடுதலால்லா ஆடுது! எங்கம்மைக்கு நான் வாய்ச்ச மாதிரி எனக்கு இது” என்று ஸ்விட்சுக்கு ஓடினாய். நான் பிடிக்கப் போனேன். “தொடாதிய பெரியவரே! மேலயும் கூட வருவியளா?” என்று கத்தினாய்.

பிறகு ஒரு மதியம் அது உன் சொல் கேட்டது. நீ தட்டினாய், இரண்டு மூச்சுக்குள் நின்றுவிட்டது. “மேல போற அன்னைக்கு உங்களுக்குப் பிரியாணி” என்றாய். அதற்குள் நீ போய்விட்டாய்.

உன் வேலையை எடுத்துச் செய்ய ஆள் அமையவில்லை என்று ஆர்டரை விட்டுவிட்டார்கள். நாளை இதை அள்ளிப்போகக் காயலான் கடை லாரி வருகிறது.

இன்று சாப்பாட்டு நேரத்தில் ஒரு விரலால் அதைத் தட்டினேன். கரண்ட் இல்லை. ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது. பிடிக்க நீட்டிய என் கையை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். சைரன் ஊதி மெஷின்கள் ஓடத் தொடங்கின. தரை அதிர, அது இன்னும் ஆடியது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன்.

வீட்டிலும் அப்படித்தான் சாத்துகிறேன். “உள்ள யாரு மாமா தூங்கினு கீறாங்க?” என்று மருமகள் கேலி செய்வாள். இதை எழுதும்போது அவள் அப்படிக் கேட்கவில்லை.